சிங்கராஜாவில் சிங்கம் இல்லை

சென்ற வருடம் எங்கள் பாடசாலையின் கையெழுத்துச் சஞ்சிகைப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. சித்திர ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். "மௌலவிக்குத்தான் எழுத்து அழகு" என்று அதிபர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எழுத்து வேறு, சித்திரம் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு கூஜாவை வரையச் சொன்னால்கூட அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

இதழுக்கு "எங்கள் மழைக்காடு" என்று பெயர் வைத்தோம். சிங்கராஜ வனத்தில் வாழும் ஏதாவதொன்றை வைத்து ஆளுக்கொரு காட்டூன் பாத்திரம் வரைந்து வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படக்கதை செய்வோம் என்று தரம் ஆறு, ஏழு பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் 24 தாள்கள் வந்தன. மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். 9 சிங்கங்கள். 5 யானைகள். 3 வண்ணக் கிளிகள், அவையும் தென்னமெரிக்கக் கிளிகள். ஒரு வரிக்குதிரை, ஒரு ஒட்டகச்சிவிங்கி. மிச்சமெல்லாம் வட்டக் காது வைத்த எலிகளும், கைக்கு வெள்ளை உறை போட்ட முயல்களும்.

சிங்கராஜாவில் சிங்கம் இல்லை. பேரில் மட்டும்தான் இருக்கிறது. சிங்கம் மழைக்காட்டு மிருகமே அல்ல. இன்று அது வாழ்வது ஆபிரிக்காவின் புல்வெளிகளிலும், இந்தியாவில் குஜராத்தின் கிர் காட்டிலும்தான். இதைச் சொன்னபோது முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"அப்ப ஏன் மௌலவி சிங்கராஜா எண்டு பேர் வெச்சீக்கிற? சிங்கராஜா எண்டா லயன் கிங்தானே?"

அவன் கேட்டதில் பிழையில்லை. 1994இல் வெளிவந்த 'லயன் கிங்' காட்டூன் படம் இன்றும் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காடு என்றால் சிங்கம் என்பது அவன் பிறப்பதற்கு முன்பே அவனுக்காக வரைந்து வைக்கப்பட்டுவிட்டது. அந்தப் படத்தை வரைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களில் சிலர் கென்யாவுக்குப் போய் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கலையகத்துக்கே உயிருள்ள சிங்கத்தைக் கொண்டுவரச் செய்து, அது எப்படிப் படுக்கிறது, எப்படி எழும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1942இல் வந்த 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்துக்காக இரண்டு மான்குட்டிகளைக் கலையகத்தில் வைத்து வளர்த்தார்கள். அவர்கள் மிருகத்தைப் பார்த்து வரைந்தார்கள். நம் பிள்ளைகள் அவர்கள் வரைந்ததைப் பார்த்து வரைகிறார்கள். 24 தாள்களிலும் ஒன்றுகூட ஒரு உயிரைப் பார்த்து வரைந்ததாக இல்லை.

சரி, பார்க்கப் போவோம் என்று தீர்மானித்தோம். 17 பிள்ளைகள், இரண்டு தாய்மார், நான். கலவானை வழியாக குடாவ வாசலுக்குப் போனோம். வர விரும்பியும் வராமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காட்டுக்குள் நாங்கள் நடந்த பாதையே ஒரு கதை. 1970களின் முற்பகுதியில் கொஸ்கமவில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் கொண்டுபோவதற்காக இந்த வனத்தை இயந்திரம் வைத்து வெட்டத் தொடங்கினார்கள். மரம் ஏற்ற வெட்டிய பாதைதான் இப்போது பார்வையாளர் நடக்கும் பாதை. எதிர்ப்பு வலுத்து, 1977இல் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமானது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 8,864 ஹெக்டயர் சேர்ந்தது. அந்தக் காட்டின் மர இனங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர்கள் கவனம் முழுக்க அட்டையில்தான் இருந்தது. ஒரு தாய் உப்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திடீரென்று மரங்களுக்கு மேலே ஒரே சத்தம். குருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அலை வந்து போவது போல வந்தன. ஒரே சாதியல்ல, பல சாதிகள் ஒன்றாகச் சேர்ந்து இரைதேடும் கூட்டம் அது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் பல வருடங்களாக இந்தக் கூட்டங்களை எண்ணிக் குறித்து வந்திருக்கிறார்கள். சராசரியாக 40 பறவைகள், 10க்கு மேற்பட்ட இனங்கள் ஒரு கூட்டத்தில் இருக்குமாம். நடுவில் ஓயாமல் சளசளக்கும் செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள். ஓரத்தில் ஒரு கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கும் கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி. பருந்து வந்தால் அது குரல் கொடுக்கும். அதோடு அது பெரிய குரல் திருடன். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும்.

பின்னால் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "மௌலவி, தவிட்டுக்குருவியள் எங்கட கலியாண வீட்டுச் சாச்சிமார் போல. கரிச்சான் வாசல்ல கதிர போட்டுட்டு இரிக்கிற பெரியப்பா."

அந்த இடத்தில்தான் எங்கள் இதழ் பிறந்தது என்று நினைக்கிறேன். சாச்சிமாரின் சத்தம் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று பெரியப்பாவுக்குத் தெரியும். பெரியப்பா பேசினால் சாச்சிமார் ஒரு நொடி வாயை மூடுவார்கள். இரண்டு பாத்திரமும் அவற்றுக்கிடையே உள்ள உறவும் கையில் வந்துவிட்டன. இதை எந்தப் படத்திலிருந்தும் அவன் எடுக்கவில்லை.

மூக்கில் ஒரு குமிழ் வைத்த பச்சை ஓணான் ஒன்றையும் கண்டோம். குமிழ்மூக்கு ஓணான் என்று சொல்லலாம். நம் நாட்டுக்கு மட்டுமே உரியது. பயமுறுத்தினால் சிவந்த வாயைத் திறந்து காட்டும். அதுவும் பலிக்காவிட்டால் செத்ததுபோல் அசையாமல் கிடக்கும். ஒரு மாணவி அதற்குக் "குமிழ்மூக்கு மச்சான்" என்று பெயர் வைத்து, வேலை சொன்னால் மௌத்தாகிவிடும் மச்சானாக வரைந்தாள். அவளுடைய வீட்டில் யாரைப் பார்த்து வரைந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

தவளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தவளை முதலில் வாற்பேத்தையாக நீரில் வாழும் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். நம் மழைக்காடுகளில் இருக்கும் சிறிய புதர்த்தவளைகளில் மிகப் பல இனங்களுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து நேராகவே நகம் அளவுத் தவளைக் குஞ்சு வெளியே வரும். "நான் ஒருநாளும் பாலர் வகுப்புக்குப் போகவில்லை" என்று பெருமை பேசும் ஒரு தவளை எங்கள் இதழில் இருக்கிறது. அதை வரைந்தவன் வகுப்பில் கடைசிப் பிள்ளை. விஞ்ஞான ஆசிரியர் அந்தத் தாளை இரண்டுமுறை வாங்கிப் படித்தார்.

இந்த இடத்தில் வாசக சகோதரிகள் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. ஒரு மௌலவியே பிள்ளைகளுக்கு உயிருள்ளவற்றை வரையச் சொல்கிறாரே! ஒரு மாணவனின் தாய் இதையே ஒரு துண்டில் எழுதி மகனின் கொப்பிக்குள் வைத்து அனுப்பியிருந்தார். மரியாதையாக, ஆனால் நேராகக் கேட்டிருந்தார். உருவம் வரைவது பற்றி வந்துள்ள ஹதீஸ்கள் கடுமையானவை. அதை நான் மறைக்கவில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் இடம் கொடுத்த ஆலிம்களும் இருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததையும், அவற்றுள் துணியாலான இரண்டு சிறகு வைத்த குதிரையொன்று இருந்ததையும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். நான் இந்தப் பக்கத்தில் நிற்கிறேன். மறுபக்கத்தில் நிற்கும் வீட்டை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. அந்தத் தாய்க்கு இப்படித்தான் பதில் எழுதினேன். மரங்களையும் உயிரற்றவற்றையும் வரை என்று ஓர் ஓவியருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன ஆலோசனையையும் நினைவூட்டி, "மகன் செடிகொடிகளை வரையட்டும்" என்றேன்.

அந்தப் பையன் எடுத்துக்கொண்டது குடுவைச் செடியை. சிங்களத்தில் பந்துரா என்பார்கள். ஈரவலயத்தில் றோட்டோரத்திலும் சதுப்பிலும் பார்த்திருப்பீர்கள். இலை நுனி நீண்டு ஒரு குடுவையாக முடியும், மேலே ஒரு மூடி இருக்கும். வழுக்கும் விளிம்பில் கால் வைத்த பூச்சி உள்ளே விழுந்து நீரில் கரைந்து செடிக்கு உணவாகும். மூடி 'டப்' என்று மூடிக்கொள்வதாக முதலில் வரைந்திருந்தான். அது தவறு. ஒருமுறை திறந்த மூடி திறந்தபடியேதான் இருக்கும். மழைநீர் உள்ளே நிறைந்துவிடாமல் குடைபோல் நிற்பதுதான் அதன் வேலை.

அவன் கண் வரைய மாட்டான், வாய் வரைய மாட்டான். வீட்டுக் கட்டளை. கண்ணும் வாயும் இல்லாமல் ஒரு காட்டூன் எப்படிச் சிரிக்கும், எப்படிக் கோபிக்கும்? மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தான், ஆச்சரியம் வந்தது. முன்னால் தாழ்த்தினான், கள்ளத்தனம் வந்தது. தண்டை வளைத்துக் குடுவையைப் பக்கத்துச் செடியின் பக்கம் நீட்டினான், ஊர்க்கதை கேட்கும் சாச்சி வந்துவிட்டார். "பந்துரா சாச்சி" என்றே பெயர் வைத்தோம். 24 பேரிலும் அதிகம் கற்றுக்கொண்டவன் அவன்தான் என்பது என் எண்ணம். மற்றவர்கள் முகத்தில் ஒரு வளைகோட்டைப் போட்டுச் சிரிப்பாக்கினார்கள். அவன் முழு உடம்பையும் யோசிக்க வேண்டியிருந்தது.

எனக்கே தெரியாத இந்த விஷயங்களை நான் எங்கே கற்றேன் என்று சொல்லவேண்டுமே. என் தங்கையின் மகன் கொழும்பில் காட்டூன் வரையும் வேலை செய்கிறான். ஒவ்வொரு தாளையும் தொலைபேசியில் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பியதெல்லாம் ஒரே கேள்விதான்: "மாமா, இத முழுக்கக் கறுப்பாக்கினா என்னண்டு தெரியுமா?"

அதுதான் அந்தத் தொழிலின் முதல் சோதனையாம். வரைந்த உருவத்தை மை போட்டு நிரப்பிவிட வேண்டும். கண், மூக்கு, நிறம் எல்லாம் போய்விடும். வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். அப்போதும் அது இன்னதென்று தெரிந்தால்தான் பாத்திரம். கரிச்சானைக் கறுப்பாக்கினோம். கொண்டையும் பிளந்த வாலும் நின்றன, அது ஏற்கெனவே கறுப்புத்தானே! ஓணானுக்கு மூக்கு நின்றது. 9 சிங்கங்களையும் கறுப்பாக்கினால் 9 சூரியகாந்திப் பூக்கள்.

அவன் சொன்ன வேறு சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் வரைகிற பிள்ளைகள் இருந்தால் உதவும். ஒரு உயிரிடம் உள்ள பத்து விசேஷங்களில் ஒன்றை மட்டும் எடுத்து மிகைப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பாத்திரத்தின் உயரத்தைத் தலைகளால் அளக்க வேண்டும். வளர்ந்த மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம், காட்டூன் குழந்தை இரண்டு மூன்று தலைதான். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே தாளில், ஒரே மட்டக் கோட்டில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதலாம் பக்கத்தில் ஒல்லியாக இருந்த மச்சான் நாலாம் பக்கத்தில் கொழுத்துவிடுவார். இன்னொன்று, தாளின் மூலையில் பிள்ளையின் பெயரையும் திகதியையும் போடச் சொல்லுங்கள். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த சித்திரம் வரைந்த அந்த நேரத்திலிருந்தே வரைந்தவருக்குச் சொந்தம். பதிவு செய்யத் தேவையில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரைந்தாலும் அப்படித்தான்.

இனி, காட்டுக்கு வராமல் போன அந்த மாணவி.

அவளுடைய தாய் குவைத்தில் வேலை செய்கிறார். போய் மூன்று வருடமாகிறது. பிள்ளை உம்மும்மாவோடு இருக்கிறாள். பயணத்துக்கு முதல்நாள் உம்மும்மாவுக்கு நெஞ்சில் சளி, பிள்ளை வரவில்லை. அடுத்த வாரம் அவள் ஒரு தாளை நீட்டினாள். பெரிய கண், நீண்ட இமை, தலையில் ரிப்பன், வட்டக் காது, கையில் வெள்ளை உறை. "என்ன மகள் இது?" என்றேன். "தேவாங்கு மௌலவி. எங்கட வளவிலயே வருது" என்றாள்.

அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் பலாவும் கித்துளும் கோப்பியும் கொடியுமாக, காடு மாதிரியே ஒரு வளவு. இரவில் அங்கே தேவாங்கு வருவதை அவள் அறிவாள். உம்மும்மாவும் அறிவார். உம்மும்மாவின் பேச்சு வேறு. "அது கத்தின வீட்டில மௌத்து விழும்" என்பார். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தடியோடு பின்னால் அனுப்புவார். முந்திய வருடம் அந்தத் தெருவில் ஒன்றை அடித்தே கொன்றிருக்கிறார்கள். இன்னும் சில ஊர்களில் அதன் கண்ணை எடுத்து மருந்தும் மாந்திரீகமும் செய்யும் பழக்கம் இருந்திருக்கிறது. துர்ச்சகுனம் என்பது மார்க்கத்தில் இல்லை என்று நான் எத்தனையோ ஜும்ஆவில் பேசியிருக்கிறேன். அந்த உம்மும்மாவின் மகன் முன்வரிசையில் இருந்துதான் கேட்பார். தடி மட்டும் கதவுக்குப் பின்னாலேயே நின்றது.

அவளுடைய தாளை மருமகனுக்கு அனுப்பினேன். "கறுப்பாக்கினா கரடிப் பொம்மை மாமா. தேவாங்கு எங்க?" என்று பதில் வந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "போய்ப் பார், பார்த்துவிட்டு வரை" என்றேன். டோர்ச்சின் கண்ணாடிக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றச் சொன்னேன். சிவப்பு வெளிச்சம் இராப்பிராணிகளை அவ்வளவு குழப்பாது. பின்கதவு வாசற்படியை விட்டு இறங்கக் கூடாது, மாமா பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்று இரவு பார்த்தாள். நாலாம் நாள் வந்து அவள் சொன்னவற்றை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு வாலே இல்லை. கைகால் ஈர்க்குப் போல மெல்லிசு. பாயாது. ஒரு கையை விட்டால்தான் மறுகையை நகர்த்தும். கிளையைப் பிடிப்பது இடுக்கி பிடிப்பது போல, பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், இரண்டாவது விரல் மட்டும் கட்டையாக, இருந்தும் இல்லாததுபோல. பூச்சியைப் பார்த்துவிட்டால் மட்டும் இரண்டு கையும் ஒரே வீச்சு. கண் நெருப்புத் துண்டுபோல் எரிகிறது.

கண் எரிவதில்தான் உம்மும்மாவின் பயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது வேறொன்றுமில்லை. இரவில் இரைதேடும் பல பிராணிகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல் ஒரு படலம் உண்டு. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பியடித்து மீண்டும் ஒருமுறை பயன்படுத்த அல்லாஹ் வைத்த ஏற்பாடு. பூனையின் கண்ணும் அப்படித்தான் மின்னுகிறது, பூனையை நாம் பாய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறோம். நம் ஈரவலயத்துச் செந்தேவாங்கு உலகில் இலங்கையில் மட்டுமே இருக்கிறது. எடை பெரும்பாலும் 200 கிராமைத் தாண்டாது. ஒரு இறாத்தல் பாணில் பாதி கனம்கூட இல்லை. தேவாங்கு கைகால்களில் சிறுநீரைத் தடவிக்கொள்ளும் பழக்கமுள்ளது என்பதையும் பிள்ளைகள் எங்கோ படித்துவிட்டு வந்தார்கள். அதை மட்டும் இதழில் போடவேண்டாம் என்று நான் தணிக்கை செய்துவிட்டேன்.

இரண்டாவது தாளில் ரிப்பன் இல்லை, கையுறை இல்லை. ஒரு சிறிய பந்து, அதிலிருந்து கோணல்மாணலாக நாலு ஈர்க்கு, பந்தின் மேல் தேநீர்க் கோப்பை போல் இரண்டு கண். கறுப்பாக்கிப் பார்த்தோம். கொடியில் தொங்கும் முடிச்சொன்று மெதுவாக நடப்பது போல் இருந்தது. வேறெந்தப் பிராணியாகவும் அதை நினைக்க முடியாது. அவள் வைத்த பெயர் "ராக்கண்ணு".

பெரிய கண்ணையும் பெரிய தலையையும் கண்டால் மனிதமனம் இளகும். கைக்குழந்தையின் வடிவம் அது. கொன்ராட் லோரென்ஸ் என்ற ஒஸ்ரிய நாட்டு விஞ்ஞானி 1943இல் இதை விளக்கி எழுதினார். 1928இல் கூர்மூக்கோடு குறும்பு செய்த மிக்கி எலிக்கு, வருடம் போகப் போகத் தலையும் கண்ணும் பெரிதாகிக்கொண்டே வந்ததை 1979இல் ஸ்டீபன் ஜே கூல்ட் அளந்து காட்டினார். காட்டூன்காரர்கள் முயன்று செய்வதைத் தேவாங்குக்குப் படைத்தவன் இயல்பாகவே கொடுத்திருக்கிறான். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. இதழ் சுவரில் தொங்கிய மறுநாளே இரண்டு பிள்ளைகள் வந்து, "மௌலவி, ராக்கண்ணு ஒண்டு வாங்கேலுமா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்கிழக்கு ஆசியாவில் மெதுதேவாங்கு என்ற இனம் இருக்கிறது. 2009இல் அதற்கு ஒருவர் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் வீடியோ உலகமெல்லாம் பரவியது. கையை உயர்த்திக்கொண்டு அது சுகமாக இருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பிராணியின் முழங்கைப் பக்கத்தில் நஞ்சுச் சுரப்பி இருக்கிறது. பயந்தால்தான் கையைத் தூக்கும். எத்தனையோ பேர் அதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். விற்பதற்காகப் பிடிப்பவர்கள் அதன் பல்லை வெட்டி எடுக்கிறார்கள். நம் தேவாங்கை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், 1937ஆம் ஆண்டிலிருந்து வரும் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட பிராணி. அடிக்கிற தடியிலிருந்து காப்பாற்றப் போய்க் கூட்டில் அடைக்கும் ஆசையை வளர்த்துவிட்டோமோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

கதையை மாற்றினோம். ராக்கண்ணுவை ஒரு பையன் பிடித்து வெல்லமும் பாணும் கொடுக்கிறான். அது தின்னவில்லை. பகலெல்லாம் பந்தாகச் சுருண்டு தூங்குகிறது, விளையாட வரவில்லை. இரவில் கூட்டுக் கம்பியைப் பிடித்தபடி விடியும்வரை ஒரே இடத்தில் நிற்கிறது. பையனுக்குச் சலித்துப்போய்த் திறந்துவிடுகிறான். அழகான முடிவல்ல. உண்மைக்கு நெருக்கமானது.

சஞ்சிகையைப் பெற்றோர் பார்க்கும் நாளில் அந்த உம்மும்மாவும் வந்தார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு ராக்கண்ணுவின் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜும்ஆவில் சொல்லி வராததை அங்கே சொல்லி வரப்போவதில்லை.

"இது எங்கட வளவுல வாரதா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"ஓ, உம்மும்மா."

"இவ்வளவு சின்னதா?"

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு மாலை அவர்களுடைய வீட்டுப் பக்கம் போனேன். தடி கதவுக்குப் பின்னால்தான் நின்றது. உம்மும்மா மாறிவிட்டார் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. சத்தம் கேட்டால் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை, ஏதோ ஓதி ஊதிவிட்டுப் படுத்துக்கொள்கிறார் என்று பிள்ளை சொன்னாள்.

அவள் இரண்டாவது இதழுக்காக ராக்கண்ணுவின் உம்மாவை வரைந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றிப் புத்தகத்தில் தேடிப் படித்துமிருந்தாள். தேவாங்குக் குட்டி பிறந்து முதல் சில வாரம் தாயின் வயிற்றைப் பற்றியபடியே திரியும். பிறகு அந்தி பட்டதும் தாய் அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைதேடப் போய்விடும். குட்டி கிளையைப் பிடித்தபடி இரவைக் கழிக்கும். தாய் திரும்பிவந்து எடுத்துக்கொள்ளும். தாளில் தாய் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறது. குட்டியின் நாலு ஈர்க்கும் கிளையைச் சுற்றியிருந்தன.

உம்மும்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"புள்ளய மரத்துல உட்டுட்டு எங்க போற அது?"

"சாப்பாடு தேட உம்மும்மா."

"எப்ப வரும்?"

"சுபஹுக்கு முன்னுக்கு வந்துரும்" என்றாள் பிள்ளை, தலை நிமிராமல், அழிறப்பரால் கிளையின் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே.